ஜான்சி கடையில் இரண்டு முனிரத்தினம்

குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வரும் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஜான்சியின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அதைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். கஸ்டமர் உள்ளே வந்தால் ஜான்சி மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் இடம். அதற்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் உட்கார்ந்து டூப்ளிகேட் சாவி போடுகிறவன் நான். பெயர் சுகுமார். படிப்பு ஐந்தாவது. அந்த ஐந்தாவதை மூன்று முறை படித்ததால் ஏழாவது என்று சொல்லிக்கொள்வேன்.

ஜான்சிக்கு முப்பத்தைந்து வயது. தாம்பரத்தில் அம்மாவோடு இருக்கிறாள். அப்பா காலேப் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர், இப்போது இல்லை. அவள் ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்தால் குச்சிகளுக்கும் இடம் மிச்சமிருக்கும். வேலை தொடங்கும்முன் இரும்பு ஷட்டரை ஒரு தடவை தொடுவாள். ஏதோ வேண்டுதல் என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது, "உடம்புல கரண்ட் இருக்கும்ணா, எறக்கிட்டு தொடணும்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு நானும் ஷட்டரைத் தொட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறேன்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதை அழிக்கச் சொன்னாலும் உடனே அழிக்க மாட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திறந்து பார்ப்பாள். முன்பு ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பத்து வருடம் வேலை பார்த்தாள், அங்கே ஒட்டியிருந்த சீட்டை நம்பி ஒரு டிஸ்க்கை அழித்துவிட்டாள். அது வேறு ஒரு காலேஜ் பெண்ணின் டிஸ்க். அந்தப் பெண் கடை வாசலில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுததை ஜான்சி எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு நான்கு நாள் பேசவில்லை. சாதாரணமாகவே அவள் பேசமாட்டாள் என்பதால் எனக்கு அது ஐந்தாவது நாள்தான் தெரிந்தது.

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. மழை, வானத்தில் யாரோ குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி. காலை பதினொரு மணிக்கே ரோட்டில் எல்லா வண்டியும் லைட் போட்டுக்கொண்டு போயிற்று. கீழ்க்கட்டளைப் பக்கம் மூன்று பெயின்ட் கடை வைத்திருக்கும் தினகரன், நனைந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கடைக்குப் புதுசா ஒரு சிஸ்டம் வேணும்மா. இது எங்க அப்பாவோடது. உள்ள ரெண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஜோடியா போட்டிருக்கு. ஒண்ணு போனாலும் இன்னொன்னுல அப்படியே இருக்கும்னு அப்போ போட்டவன் சொன்னான். அது நல்லாத்தான் இருக்கு. அதையே கழட்டி புதுசுல ஜோடியா போட்டுடு."

"உள்ள இருக்கிறது?"

"அழிச்சிடு. டைரிதான். அவருக்கு இனிமே கம்ப்யூட்டர் தேவைப்படாது."

"ஏன் சார், அப்பா தவறிட்டாரா?" என்று நான் என் பெட்டியிலிருந்து எட்டிக் கேட்டேன். கேட்கிற விஷயத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது.

"சேச்சே, நல்லா இருக்காரு. மறதி. வர்ற வெள்ளிக்கிழமை முடிச்சூர் பக்கம் ஒரு முதியோர் ஹோம்ல விடறோம். தையில பொண்ணுக்குக் கல்யாணம். அது முடியற வரைக்கும் அங்க இருக்கட்டும்."

"பேத்தி கல்யாணத்துக்கே வரமாட்டாரா?"

தினகரன் மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பத்திரிகை வைக்கப் போனாருண்ணா. ஒரே வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோட மூணு தடவை போயிருக்காரு. மூணு தடவையும் புதுசா வர்ற மாதிரி 'எங்க தமிழினிக்குக் கல்யாணம்'ன்னு சொல்லி குங்குமம் கொடுத்திருக்காரு. வேற சில வீட்டுக்குப் போகவே இல்ல. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மூளை சரியில்லன்னு மாப்பிள்ளை பக்கம் பேச ஆரம்பிச்சிட்டாங்க. கல்யாண மண்டபத்துல எதையாவது செஞ்சா?"

மாலை நான்கு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜான்சி ஷட்டரைத் தொட்டாள். கேபினெட்டை மேசைமேல் வைத்து, ஸ்க்ரீனை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். திறந்ததும் நடுவில் ஒரே ஒரு ஃபைல். தமிழில் 'நாள் குறிப்பு' என்று இருந்தது. மழைக்கு எனக்கு ஒரு சாவிகூட வரவில்லை. எட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெரியவர் பேசுகிற மாதிரியே தட்டியிருந்தார். என்ன சாப்பிட்டார், எவன் வட்டிக்கு வாங்கி வண்டி வாங்கினான், எந்த வீட்டு நாய் அவரைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது எல்லாம் இருந்தது. கீழே பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளின் பெயர், போய் வந்ததற்கு ஒரு டிக். நான் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டேன்.

"ஜான்சி, இத கேளு. 'இன்னைக்கு சக்திவேல் வூட்டுக்குப் போனேன். மூணு வருஷமா பேசாத தம்பி. பத்திரிகைய வாங்கிக்கினான். மோர் குடுத்தான். மொகத்தப் பாத்து குடுக்கல, ஆனா ரெண்டாவது டம்ளரும் குடுத்தான்.' இன்னா அழகா எழுதிக்கீறாரு பாரு! இவருக்கா மூள சரியில்ல? எனக்கு நேத்து தின்னது இன்னைக்கு ஞாபகம் கீதா?"

சொல்லி முடிக்கவில்லை, கரண்ட் போய்விட்டது. ஜான்சியிடம் யூ.பி.எஸ். இருக்கிறது. ஊருக்கெல்லாம் பாட்டரி மாற்றுகிறவள் தன்னுடையதை மாற்றுவதில்லை. ஸ்க்ரீன் கறுத்தது. படிக்கட்டுக்கடியில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் தானாகத் திறந்தது. அதே நடு இடத்தில் அதே ஃபைல். இரண்டாவது டம்ளர் மோரை மறுபடி படித்துச் சிரிக்கலாம் என்று திறந்தேன்.

மோர் இல்லை.

சக்திவேல் பெயருக்குப் பக்கத்தில் டிக் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலும் கீழும் தேடினேன். நான் சிரித்த எந்த வரியும் இல்லை. ஆயுத பூஜை வரைக்கும் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வேறு யாரோ எழுதின மாதிரி இருந்தது.

'நேத்து நான் எழுதினது இன்னைக்கு இல்ல. நான் வெச்ச டிக்கு இல்ல. எவனோ எடுத்துட்றான். டேய், நீ யாரு?'

அதற்குக் கீழே ஆறு நாள் எதுவும் இல்லை. பிறகு இப்படி இருந்தது:

'நீ யாருன்னு இங்க எழுதிக்கீது. நான் எழுதற மாதிரியே கீது. ஆனா நான் எழுதல. நான் கீழ்க்கட்டளை முனிரத்தினம். நீ யாரு?'

மூன்று நாள் கழித்து:

'அவனும் முனிரத்தினம்னு சொல்றான். கீழ்க்கட்டளைதானாம். பொறுக்கி, என் பேர வெச்சிக்கினு கீறான்.'

என் தலையில் மொத்தம் பதினான்கு முடி. பதினான்கும் எழுந்து நின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆயிரம் பஸ் போகிறபோது, எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈர விரலை வைத்த மாதிரி இருந்தது.

"ஜான்சி... நா படிச்சது நெஜந்தான? மோர் இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சுண்ணா. நானும் கேட்டேன்."

"அப்போ இது யாரு?"

அவள் கீழே தள்ளிக் கடைசி வரிக்கு வந்தாள். அது இரண்டு நாளுக்கு முன்னால் எழுதியது. என்னைப் படிக்கச் சொன்னாள். அவளுக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். இருந்தாலும் என்னைத்தான் படிக்கச் சொன்னாள்.

'தினகரன் ஹோம்ல வுடப் போறானாம். எங்க ரெண்டு பேர்ல யாரை வுடப் போறான்னு தெரியல.'

ஜான்சி கம்ப்யூட்டரை நிறுத்தினாள். மறுபடி போட்டாள். 'நீ யாரு' வந்தது. நிறுத்திப் போட்டாள். மோர் வந்தது. நிறுத்திப் போட்டாள். மறுபடி மோர். நான்காவது தடவை 'நீ யாரு' என்றது. ஒரு பெட்டிக்குள் இரண்டு ஆள் மாறி மாறி எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "வாணாம் ஜான்சி, மூடிடு. பக்கத்து சர்ச்லருந்து ஃபாதர கூட்டினு வரேன்" என்றேன். நான் கும்பிடுவது மாரியம்மனை. அந்த நேரத்துக்கு யார் கிடைத்தாலும் போதும் என்றிருந்தது.

அவள் மறுபடி ஷட்டரைத் தொட்டுவிட்டுக் கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவள், வெகு நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

"அண்ணா, இங்க வாங்க. இது என்ன?"

தினகரன் சொன்ன அந்த இரண்டு டிஸ்க்கும் சீட்டுக்கட்டு அளவுத் தகடுகளாக உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டின் நெற்றியிலும் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். 

"ஆயுத பூஜ பொட்டு. நா கூட சாவி மிஷினுக்கு வெச்சிக்கீறேனே. ஆனா மேலாக்கதான் வைப்பேன். இவங்க கொடலத் தொறந்து வெச்சிக்கீறாங்க."

"உள்ள எல்லாம் துணி வெச்சுத் தொடச்சிருக்காங்க" என்றாள் ஜான்சி. ஒரு தகட்டிலிருந்து போகும் ஒயரை விரலால் தொட்டாள். அது பாதி வெளியே வந்து ஆடியது. "அன்னைக்குத் தொடைக்கும்போது இந்த ஒயர் இழுபட்டுப்போச்சு. ரெண்டும் ஒரே மாதிரி எழுதணும், அதுதான் ஜோடி. அன்னைக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. ஜோடி பிரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் மிஷின் போடறப்போ எது முந்திக்குதோ அதுமேல தொறக்குது. அதுல எழுதறது இதுக்குத் தெரியாது. இதுல எழுதறது அதுக்குத் தெரியாது."

"மிஷின் வாயத் தொறந்து சொல்லாதா?"

"சொல்லியிருக்கும். இங்கிலீஷ்ல. மூணு செகண்டு."

இவ்வளவு வார்த்தை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எனக்குப் பயம் போகவில்லை. ஒயர் ஆடுகிறது, சரி. ஆனால் அந்த ஒயரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து மோர் குடித்த முனிரத்தினமும், அந்தப் பக்கம் உட்கார்ந்து 'டேய்' என்று கத்திய முனிரத்தினமும் இரண்டு மாதமாக ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருப்பதே தெரியாது.

நான்கு மணிக்கு தினகரன் வந்தார். ஜான்சி அழிக்கவில்லை என்றதும் முகம் சுருங்கியது. அவள் நடந்ததைச் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை.

"ஒயர் ஆடினா ஆடட்டும்மா. எங்க அப்பாவுக்கு ஆடறது ஒயர் இல்ல. தான் எழுதினதே அவருக்கு நினைவில்லன்னு நீயே காட்டறியே."

ஜான்சி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"சார், நீங்க ஒரு வரி எழுதுங்க."

"என்ன எழுத?"

"எதையாவது."

அவர் சலித்துக்கொண்டே தட்டினார்: 'தினகரன், திங்கள், நாலேகால். ஜான்சி கடையில் இருக்கேன்.' சேமித்தார். ஜான்சி நிறுத்தினாள். போட்டாள். திறந்தாள். அதே வரி இருந்தது. தினகரன் "பாத்தியா?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஜான்சி மறுபடி நிறுத்தினாள். போட்டாள். திறந்தாள்.

வரி இல்லை.

தினகரன் குனிந்தார். மவுஸைப் பிடித்து மேலும் கீழும் உருட்டினார். "எங்க போச்சு?"

"என்ன சார்?"

"இப்போ எழுதினேனே. நாலேகால்னு எழுதினேனே. ஜான்சி கடைன்னு." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நான் எழுதினேன் இல்ல? நீங்க பாத்தீங்க இல்ல?"

எனக்கு நாக்கில் சனி. சும்மா இருக்காமல், "எப்போ சார்? நா பாக்கலையே" என்று விட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் சொன்னதை விழுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. நாற்பத்தைந்து வயது ஆள், மூன்று கடைக்குச் சொந்தக்காரர், உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எழுதின விரல் அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. ஜான்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பூட்டைத் திறந்திருக்கலாம்.

"எழுதினீங்க சார், எழுதினீங்க. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். சும்மா வெளாட்டுக்கு..." என்றேன்.

"விளையாடாதீங்கண்ணா" என்றார். ஸ்க்ரீனை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்பா ரெண்டு மாசமா இப்படியா உட்கார்ந்திருந்தாரு?" என்று கேட்டார். "நாங்க எல்லாரும் 'நான் பாக்கல, நான் பாக்கல'ன்னு சொல்லிக்கிட்டு..."

ஜான்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மறுநாள் காலை முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயது, நன்றாக முறுக்கின மீசை, மழைக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார். கடைக்குள் வராமல் சந்தில் நின்றபடியே அந்தப் பழைய கேபினெட்டைப் பார்த்தார். கடித்த நாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உள்ள வாங்க அய்யா" என்றாள் ஜான்சி.

"அவன் கீறானா உள்ள?"

தினகரன் அப்பாவின் தோளைத் தொட்டு, ஒயர் கதையை அவருக்கு மூன்று தடவை சொன்னார். பெரியவர் தலையாட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

"ஏன்ப்பா, நீங்களே எழுதிட்டு, ஆறு நாள் கழிச்சு நான் எழுதலன்னு எழுதியிருக்கீங்களே" என்று தினகரன் மெதுவாகக் கேட்டார். "நினைவே வரலையா?"

"வந்துச்சுடா. எழுதின மறுநாளு பாத்தா காணோம். அடுத்த நாளும் காணோம். நாலு நாளு தேடினேன். உங்கம்மா கிளியம்மா, நீ எழுதியே இருக்கமாட்டேன்றா. சரி, எழுதலன்னு முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணப்பறம் அது வந்து நிக்கிது. நீயா இருந்தா இன்னா பண்ணுவே?"

தினகரன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். நேற்று ஒரு நிமிடம் அவரும் அப்படித்தான் தேடினார்.

ஜான்சி இரண்டு தகடுகளையும் தனித்தனியாகத் தன்னுடைய மிஷினில் மாட்டி, இரண்டு டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். என்னைப் படிக்கச் சொன்னாள். இந்தப் பக்கம் மோர். அந்தப் பக்கம் ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை எழுதினது: 'சக்திவேல் பேருக்கு டிக் இல்லையே, போவணுமேன்னு தட்ட எடுத்துக்கினு அவன் தெருமொனை வரைக்கும் போனேன். உள்ள போவ தைரியம் வரல. போன வாரம் அவன் வூட்ல நான் மோர் குடிச்ச மாதிரி கனா கண்டேன். கனாவுல அவன் ரெண்டாவது டம்ளர் குடுத்தான். திரும்பிட்டேன்.'

படிக்கிறபோது என் குரலே எனக்கு வேறு ஆள் குரலாகக் கேட்டது.

"இதுல எதுப்பா நடந்தது?" என்றார் தினகரன்.

"எனுக்குத் தெரியலடா" என்றார் பெரியவர். "அதான எனுக்குத் தெரியல."

தினகரன் ஃபோனை எடுத்துச் சித்தப்பா சக்திவேலைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்தில் மழையும் ஒரு கோழியும் கேட்டன.

"சித்தப்பா, அப்பா உங்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தாரா?"

"வந்தாரே. மோர் குடிச்சாரு. ரெண்டு டம்ளர்."

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கப்புறம்?"

"சொல்லலாமான்னு தெரியலடா. மறுவாரம் வியாழக்கெழம மத்தியானம், தெருமொனைல தட்டோட நின்னுக்கினு இருந்தாரு. நா வாசல்ல இருந்து 'அண்ணா, வா'ன்னு கூப்ட்டேன். பாத்தாரு. என்னை முன்ன பின்ன தெரியாத ஆளு மாதிரி பாத்தாரு. போய்ட்டாரு. எனுக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அண்ணன் மாதிரியே இன்னொரு ஆளு வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு. வூட்ல கூட சொல்லல."

ஃபோனை வைத்தார்கள். படிக்கட்டுக்கு மேலே யாரோ செருப்பைத் தட்டிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

"ரெண்டும் நடந்துதா?" என்றார் முனிரத்தினம்.

"ரெண்டும் நடந்துது அய்யா" என்றாள் ஜான்சி. "நீங்க எழுதினதுல ஒரு வரி கூடப் பொய் இல்ல."

பெரியவர் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மீசை ஆடியது. தினகரன் வெளியே போய் மழையிலேயே நின்று ஒரு ஃபோன் பேசினார். "வெள்ளிக்கிழமை ரூம் வேணாங்க... இல்லங்க, வேற தேதி எல்லாம் இல்ல. வேணாம்" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. பெரியவருக்கும் கேட்டிருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் அப்பாவுக்கே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஜான்சி இரண்டு தகடுகளிலும் இருந்ததைத் தன் டிஸ்க்கில் எடுத்து வைத்தாள். பிறகு அந்த இரண்டையும் சுத்தமாகத் துடைத்து, புதுக் கேபினெட்டில் மாட்டி, ஒயரை 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தி, மறுபடி ஜோடி சேர்த்தாள். இனி இதில் விழுகிற எழுத்து அதிலும் விழும். டைரியைத் திருப்பி வைக்கும்போது நிறுத்தினாள்.

"நாள் வாரியா கோத்து ஒரே டைரியாக்கறேன் சார். சில நாளுக்கு ரெண்டு குறிப்பு இருக்கும். அந்த 'நீ யாரு'ன்றது எல்லாம்..."

"அதை எடுத்துடும்மா" என்றார் தினகரன். "இனிமே அதைப் பாக்கவே வேணாம்."

"எட்க்காத" என்றார் முனிரத்தினம்.

"அப்பா..."

"எட்க்காதடா. அவன் எவ்ளோ பயந்து கீறான் பாரு. நா மோர் குடிச்சினு இருந்தப்போ அவன் தெருமொனைல தனியா நின்னுக்கினு இருந்தான். யாரும் அவன நம்பல. நானும் நம்பல, பொறுக்கின்னு திட்டினேன். இப்போ அழிச்சிட்டா எங்க போவான்?"

எனக்கு வாய் நிறைய கிண்டல் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

ஜான்சி எல்லாவற்றையும் கோத்தாள். பிறகு பக்க மூடியைத் திறந்தபடியே வைத்து, "அய்யா, ஓடும்போதே இதுல ஒண்ணை நீங்களே உருவுங்க. அப்பவும் எழுத்து போவாது. உங்க கையால செஞ்சு பாத்தாதான் நம்பிக்கை வரும்" என்றாள். ஜோடி போடுகிற எல்லோரையும் அவள் இப்படிச் செய்யச் சொல்வாள்.

பெரியவர் கையை உள்ளே விட்டார். விரல் அந்தத் தகட்டின்மேல் நின்றது. ஸ்க்ரீனைப் பார்த்தார். அதில் இரண்டு பேர் எழுதின ஒரே டைரி திறந்திருந்தது.

"இவனுக்கு வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்காது. இன்னொன்னு பாத்துக்கும்."

"ஒண்ணு போனது இன்னொன்னுக்குத் தெரியுமா?"

ஜான்சி யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "இந்தத் தடவை தெரியும் அய்யா. சத்தம் போட்டுச் சொல்ற மாதிரி வெச்சிருக்கேன்."

உருவினார். கம்ப்யூட்டர் கீச்சுக்குரலில் கத்த ஆரம்பித்தது. ஸ்க்ரீனில் தமிழில், சிவப்பில், என் கடையிலிருந்துகூடப் படிக்கிற பெரிய எழுத்தில், ஒன்று பிரிந்துவிட்டது என்று வந்தது. டைரி அப்படியே இருந்தது. பெரியவர் அவசர அவசரமாக அதைத் திருப்பிச் செருகினார். பிரிந்தது மறுபடி சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்க்ரீனில் சதவீதம் ஏறி நூறு வரும் வரைக்கும் அவர் அந்த எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போயிற்று.

தை மாதம் பல்லாவரத்தில் கல்யாணம். எனக்கும் ஜான்சிக்கும் பத்திரிகை வந்திருந்தது, போனோம். மண்டபத்தில் சாப்பிடுகிற கூட்டத்தைப் பார்த்தால் பாதிச் சென்னை அங்கேதான் இருந்தது என்று சத்தியம் செய்வேன். முனிரத்தினம் பட்டு வேட்டியில் மீசையை முறுக்கிக்கொண்டு எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பேர்கூடத் தப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அவரைச் சுற்றியே நின்றார்கள். தம்பி சக்திவேல் அண்ணனைவிட்டு நகரவில்லை.

பந்தியில் பெரியவர் எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். தம்பிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார். யாரோ அதில் உட்கார வந்தபோது, "ஆளு கீது" என்றார். இலை போடுகிறவரைக் கூப்பிட்டு அந்தக் காலி இடத்திலும் ஒரு இலை போடச் சொன்னார். தண்ணீரைத் தெளித்து, அந்த இலையைத் தானே துடைத்தார். பிறகு சாதாரணமாகத் தன் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜான்சியின் கை சாதத்திலேயே நின்றுவிட்டது. சக்திவேல் அந்தக் காலி நாற்காலியிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பாயசம் வந்தது. பரிமாறுகிற ஆள் அந்த இலைக்கு முன்னால் வாளியோடு நின்று, நாற்காலியைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், பின்னால் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த தினகரனைப் பார்த்தான்.

"போடுங்க" என்றார் தினகரன்.